நான் எழுதித் தராத மூன்று வருடங்கள்

மகன்,

முதலில் வாப்பாவின் ஸலாமை ஏற்றுக்கொள். உம்மாவும் தங்கச்சியும் சொன்ன ஸலாம்களும் இதில் சேர்ந்திருக்கின்றன. நீ கொழும்பிலிருந்து போனில் அந்தக் கடிதத்தைக் கேட்டு இன்றைக்குப் பதினொரு நாள். "வாப்பா, கட்டார் கம்பனி அஞ்சு வருஷம் கேக்குது. உங்கட கொந்தராத்து முதலாளிட லெட்டர்ஹெட்ல ஒரு சேர்விஸ் லெட்டர் அடிச்சி, சீல் குத்தி அனுப்புங்க. ஒரு லெட்டர்தானே" என்றாய். நான் "பார்ப்பம் மகன்" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். உன் வாப்பா "பார்ப்பம்" என்றால் என்ன அர்த்தம் என்று உனக்கு நன்றாகத் தெரியும். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நீ கிரிக்கெட் மட்டை கேட்டதற்கும் இதே "பார்ப்பம்"தான். மட்டை இன்றுவரை வரவில்லை. ஆனால் இந்த முறை அப்படித் தட்டிக்கழிக்க எனக்கு மனம் வரவில்லை. மாட்டேன் என்பதைக் காரணத்தோடு சொல்ல வேண்டும். காரணம் போனில் சொல்லக்கூடியதாக இல்லை. அதனால்தான் இருபத்திரண்டு வயது மகனுக்கு முதன்முதலாகக் கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கை லீவர் பிடித்துப் பழகியது, எழுத்து கோழி கிளறியது போல இருக்கும், பொறுத்துக்கொள்.

நீ கேட்டதில் உனக்கென்று ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம்முடைய ஊர்ப் பக்கத்தில் வீடு என்பது பெண்பிள்ளைக்கு. அவளைக் கட்டுகிறவர் அந்த வீட்டுக்கு வந்து வாழ வேண்டும். இருந்த வீட்டைக் கடல் கொண்டுபோனது, இப்போது இருப்பது வாடகை வீடு. தங்கச்சிக்கென்று நாம் எழுப்பத் தொடங்கிய வீடு லிண்டல் மட்டத்தோடு நிற்கிறது. அதற்குள் ஆமணக்குச் செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. நீ கட்டாருக்குப் போனால்தான் அந்த வீட்டுக்குக் கூரை ஏறும் என்று நீ நினைக்கிறாய். சரியாகத்தான் நினைக்கிறாய். இரண்டு வருட அனுபவத்துக்குக் கிடைப்பது கீழ்த் தரத்து வேலை, ஐந்து வருடம் என்றால் நேரே பெரிய எக்ஸ்கவேட்டரில் ஏற்றுவார்கள் என்று ஏஜென்ட் சொன்னதையும் நீ சொன்னாய். எல்லாரும் இப்படித்தான் போகிறார்கள் என்றும் சொன்னாய். ஓம் மகன், எல்லாரும் அப்படித்தான் போகிறார்கள். நான் உன்னைப் பொய்க்காரன் என்று ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை.

நீ பயிற்சி நிலையத்தில் படிக்கும்போது ஒப்படைக்காக ஒரு அட்டவணை செய்தாயே, அது இன்னும் உன் அறைக் கதவுக்குப் பின்னால் ஒட்டியபடியே இருக்கிறது. பிரிஸ்டல் போர்டில் கட்டம் போட்டு, சிவப்புப் பேனையால் நாடுகளின் பெயர்: இலங்கை, கட்டார், இங்கிலாந்து, ஜேர்மனி. இந்தப் பதினொரு நாளும் நான் அதைத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். நாம் ஆளுக்கொரு மெசினில் இருந்து செய்கிற இதே வேலைக்கு நாட்டுக்கு நாடு எப்படி எப்படியெல்லாம் கடதாசி கேட்கிறார்கள் என்று நீ அழகாக எழுதியிருக்கிறாய். இலங்கையில் தேசிய தொழில் தகைமை, என்.வி.கியூ. மூன்றாம் மட்டம், நான்காம் மட்டம். படிக்காமல் வேலை பழகியவர்களும் அனுபவத்தைக் காட்டிச் சோதனைக்கு இருந்து அதே சான்றிதழை எடுக்கலாம். கட்டாரில் நீ எதைக் கொண்டுபோனாலும் அங்கே ஒருமுறை சோதித்து ஒரு அட்டை தருவார்கள். அது கொஞ்சக் காலத்துக்குத்தான், பிறகு புதுப்பிக்க வேண்டும். இங்கிலாந்தில் முதலில் சிவப்பு அட்டை, அதன் அர்த்தம் இவர் பழகிவிட்டார் என்பது. அதன்பிறகு வேலைத்தலத்தில் வேலை செய்து காட்டி, செய்ததை எழுதிவைத்து, யாராவது வந்து பார்த்து ஒப்புக்கொண்டால்தான் நீல அட்டை. ஜேர்மனிக்கு நேரே நீ "மூன்று வருடம்" என்று எழுதி, பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறி போட்டிருக்கிறாய். அந்த ஆச்சரியக்குறியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

என்னுடைய சரித்திரம் உனக்குத் தெரிந்ததுதான். பிரச்சினைக் காலத்தில் வயலுக்குப் போக வழியில்லாமல், உன்னைக் கைக்குழந்தையாக விட்டுவிட்டுச் சவூதிக்குப் போனேன். மெசின் துடைக்கிற வேலைக்குப் போனவன் ஏறி ஓட்டப் பழகினேன். அங்கே எனக்கு நடந்த சோதனையை நூறு தடவை உங்களுக்குச் சொல்லியிருப்பேன்: எகிப்து நாட்டு போர்மன் ஒருவர் மணலுக்குள் புதைத்த தண்ணீர்க் குழாயைக் காட்டி, அதன் பெயின்ட்டில் கீறல் விழாமல் மண்ணை எடு என்றார். எடுத்தேன். என் படத்தையும் இரத்த வகையையும் போட்டு அட்டை தந்தார்கள். நான் உங்களுக்குச் சொல்லாமல் விட்டது இதற்குப் பிறகு வருகிற கதை. அந்த அட்டையோடு குவைத்துக்கு மாறிப் போனபோது அங்கே அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுபடி சோதனை. நான் கோபப்பட்டு, "நான் பழைய ஓப்பரேட்டர்" என்று சத்தம் போட்டேன். அங்கே இருந்த மலையாளி ஒருவர், "பழையதுதானே பிரச்சினை, பழையதைத்தானே கையும் காலும் செய்யும்" என்றார். அவருக்கு என் மேல் பொறாமை என்று நினைத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பும்வரை அவரோடு நான் கதைக்கவில்லை.

கடல் வந்த நாளில் உனக்குப் பதினாறு வயது நிரம்பவில்லை. நான் அப்போது நம் கொந்தராத்து முதலாளியிடம் பெக்கோ ஓட்டி மண் அள்ளிக்கொண்டிருந்தேன். அடுத்த நாள் காலையில் கல்முனைக்குடிக் கரையில் மெசினை இறக்கினோம். வீடு, தென்னை, தோணி, அலுமாரி எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. ஒரு பக்கெட் எடுப்பதற்கு முன் நாலு பேர் இறங்கி நடந்து பார்ப்பார்கள். ஜனாஸா, யாருடைய உடலாவது, இருந்தால் கையை உயர்த்துவார்கள், நான் எஞ்சினை நிறுத்துவேன். அந்த நாட்களில் என் கையில் இருந்த பதனமும் கவனமும் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. சனம் எனக்காகத் துஆ கேட்டது. பள்ளிவாசலில் என்னைக் கண்டால் இடம் விட்டார்கள். அந்த மரியாதை என் தலைக்கு ஏறியது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். ஊரில் மெசினைப் பற்றி நான் சொன்னால் அது சட்டம் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

பிறகு வீடு கட்டித் தரப் பல நாட்டார் வந்தார்கள். ஒரு திட்டத்துக்கு ஜேர்மனியிலிருந்து ஒரு பெண் இஞ்சினியர், ஐம்பது வயதிருக்கும், வெயிலில் முகம் சிவந்து தக்காளி மாதிரி நிற்பா. மொழிபெயர்க்க நம் ஊர்ப் பொடியன் ஒருவர் இருந்தார். ஒருநாள் தேநீர் நேரத்தில் அவ என்னிடம், இங்கே ஓப்பரேட்டராக வர எவ்வளவு காலம் படிக்க வேண்டும் என்று கேட்டா. "மூணு நாள் போதும்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். தன்னுடைய நாட்டில் மூன்று வருடம் என்றா. மெசினைக் கழற்றிப் பூட்ட ஒரு காலம், மண்ணைப் படிக்க ஒரு காலம், எங்கே நிற்பது, விழுந்தால் என்ன செய்வது என்றெல்லாம் பாடம் இருக்கிறதாம். நான், "மூணு வருஷத்தில ஒரு புள்ள பிறந்து நடந்து கதைக்கவும் தொடங்கிரும், அங்க இன்னும் கிடங்கு வெட்டத் தொடங்கல்ல போல" என்றேன். இன்னும் பெரிய சிரிப்பு. அவவும் சிரித்தா, மொழிபெயர்த்தவர் எதைச் சொன்னாரோ தெரியாது. நீ போட்ட ஆச்சரியக்குறியும் என்னுடைய அந்தச் சிரிப்பும் ஒன்றுதான் மகன்.

இனி நான் உனக்குச் சொல்லாத விஷயத்துக்கு வருகிறேன். அந்த நாட்களில் கொழும்பிலிருந்து மெசின்கள் லொறி லொறியாக வந்தன, ஓட்ட ஆள் இல்லை. வெளிநாட்டார் அனுபவக் கடிதம் இல்லாமல் யாரையும் ஏற்ற மாட்டார்கள். முதலாளிக்கு எழுத்து வேலை ஆகாது. லெட்டர்ஹெட்டையும் சீலையும் என் கையில் தந்து, "நீங்க பார்த்துச் செய்யுங்க" என்று விட்டுவிட்டார். உன் ஜவுபர் மாமா அப்போது வயல் வட்டையில் உழவு மெசின் ஓட்டிக்கொண்டிருந்தார், உனக்கு ஞாபகம் இருக்கும். உப்புத் தண்ணீர் புகுந்து அந்தப் போகம் விதைப்பு இல்லை, அவருக்கு வேலையும் இல்லை. ஒருநாள் அஸர் தொழுதுவிட்டு வரும் வழியில் என் கையைப் பிடித்தார். "மச்சான், உழவு மெசின் அஞ்சு வருஷமா ஓடுறன். பெக்கோ ஓட ஏலாதா? அஞ்சு வருஷம் என்டு எழுதித் தாங்க. ஒரு லெட்டர்தானே" என்றார். நீ போனில் சொன்ன அதே சொல். போனை நான் ஏன் சட்டென்று வைத்தேன் என்று இப்போது விளங்கியிருக்கும்.

எழுதினேன். எக்ஸ்கவேட்டர் ஓப்பரேட்டர், அனுபவம் ஐந்து வருடம், நம்பிக்கையானவர், கையெழுத்து, சீல். எழுதும்போது அது பொய் என்றே எனக்குத் தோன்றவில்லை. அஞ்சு வருடம் உண்மைதானே, மெசினும் மெசின்தானே என்று நினைத்தேன். சொந்த மச்சானுக்கு இல்லை என்று சொல்வது எப்படி என்றும் நினைத்தேன். இரண்டு நாள் பக்கத்தில் நிறுத்தி லீவர்களைக் காட்டிக் கொடுத்தேன். கை சாதுரியமான ஆள், சட்டென்று பிடித்துக்கொண்டார். பார்த்தாயா, மூன்று நாள்கூடத் தேவையில்லை என்று எனக்குப் பெருமை.

வட்டையில் உழவு மெசின் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. சேறு ஆழமான இடத்தில் சில்லுப் புதைந்து முன்பக்கம் எம்பினால், அல்லது வரம்பில் ஏறிச் சரிந்தால், யோசிக்காமல் குதித்துவிடுவார்கள். அந்தப் பழைய மெசின்களில் கூரை இல்லை, பெல்ட் இல்லை, விழுந்தால் கீழே சேறு. ஜவுபர் மாமா அப்படி இரண்டு தடவை குதித்து உயிர் தப்பியவர். இரண்டாவது தடவை குதித்தபோது, "ஜவுபர் தவளைக்குப் பிறந்தவன்" என்று வட்டை முழுக்கப் பகிடி. எக்ஸ்கவேட்டரில் சட்டம் அதற்கு நேர்மாறு. மெசின் சரிந்தால் குதிக்கக் கூடாது. பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, பிடித்துக்கொண்டு, ஆசனத்திலேயே இருக்க வேண்டும். உன்னைச் சுற்றியுள்ள இரும்புக் கூடு காப்பாற்றும். இது எனக்குத் தெரியும். சவூதியில் முதல் கிழமையே சொல்லித் தந்தார்கள். மாமாவுக்கு நான் அதைச் சொல்லவில்லை. லீவரைக் காட்டினேன், பக்கெட்டைக் காட்டினேன், இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. ஐந்து வருட அனுபவம் என்று நானே எழுதிக் கொடுத்ததை நானே நம்பிவிட்டேன் போலும்.

கடற்கரையோரம் வீட்டுத் திட்டத்தில் மலசலக் குழிக்குக் கிடங்கு வெட்டிக்கொண்டிருந்தார். காய்ந்த மணல். விளிம்புக்கு மிகக் கிட்ட நிறுத்தியிருந்தார். நான் காணியின் மறுபக்கத்தில் வேறு மெசினில் இருந்தேன். யாரோ கத்தியது கேட்டுத் திரும்பினேன். மெசின் மெல்லத்தான் சரிந்தது, ஒட்டகம் உட்காருவது போல. அவர் கதவால் குதித்தார். குதித்த பக்கத்துக்கே கூடும் சாய்ந்து, அவருடைய வலது முழங்காலுக்கு மேலே விழுந்தது. நான் என் மெசினைக் கொண்டுவந்து பக்கெட்டால் அந்தக் கூட்டைத் தூக்கினேன். ஒரு சாண் கூடினாலும் மற்றக் காலும் போகும், ஒரு சாண் குறைந்தாலும் இழுத்து எடுக்க முடியாது. கீழே கிடந்தவர் அவர், மேலே லீவரில் நான். அல்லாஹ் அந்த நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டான், இல்லாவிட்டால் நான் இன்று மனிதனாக இருந்திருக்க மாட்டேன். அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிய பிறகு, கவிழ்ந்த மெசினின் கூட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். கண்ணாடிகூட உடையவில்லை. ஆசனத்துக்குப் பின்னால் அவருடைய தேநீர்ப் போத்தல் செருகியபடியே இருந்தது. ஆசனத்தில் இருந்திருந்தால் அவர் கையைத் தட்டிக்கொண்டு இறங்கி வந்திருப்பார்.

வீட்டில் மாமா, மெசின் பழுது என்று சொன்னார். உம்மா அதை நம்பினா. நீயும் தங்கச்சியும் நம்பினீர்கள். நானும் மறுக்காமல் இருந்துவிட்டேன். அந்த ஜேர்மன் இஞ்சினியர் மட்டும் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டு, இது நீங்கள் எழுதியதா என்று கேட்டா. ஓம் என்றேன். என் பதிலை மொழிபெயர்த்துச் சொன்னவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. காலை எடுக்க வேண்டும் என்று டொக்டர் முடிவெடுத்தபோது தந்த எக்ஸ்ரே படத்தின் பெரிய பழுப்பு உறையை நான்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நம் காணி உறுதி, உங்கள் பிறப்புச் சான்றிதழ், என் சவூதி அட்டை, உன்னுடைய என்.வி.கியூ. எல்லாம் இத்தனை வருடமும் அதற்குள்தானே இருக்கின்றன. வாப்பா ஏன் இந்தக் கிழிந்த உறையை மாற்றுகிறார் இல்லை என்று நீ ஒருமுறை கேட்டாய். நல்ல தடிப்பான உறை என்று சொன்னேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். யுத்தம் முடிந்த வருடம் நீ என்னை விடாப்பிடியாக அனுபவச் சோதனைக்கு அனுப்பினாய். "வாப்பா, உங்கட அனுபவத்துக்கு நாலாம் மட்டம் சும்மா கிடைக்கும்" என்றாய். சோதிக்க வந்தவர் காரைதீவைச் சேர்ந்த தம்பி ஒருவர், என்னை ஐயா ஐயா என்றுதான் கூப்பிட்டார். நான் தவறிவிட்டு வந்து, மெசினைச் சுற்றி நடந்து பார்க்காமல் ஏறிவிட்டேன், அதுதான் வெட்டிவிட்டார்கள் என்று உங்களிடம் சொன்னேன். நீங்கள் ஒரு மாதம் சிரித்தீர்கள். தங்கச்சி நான் சைக்கிளில் ஏறும்போதும், "வாப்பா, சுத்திப் பார்த்தீங்களா?" என்பாள். உண்மை என்னவென்றால், சுற்றிப் பார்த்தேன், ஓட்டியும் காட்டினேன், எல்லாம் சரி. கடைசியில் அந்தத் தம்பி, "ஐயா, கடற்கரை மணல்ல கிடங்கு வெட்டுறீங்க, விளிம்பு சரிஞ்சி மெசின் சாயுது. ஓப்பரேட்டர் என்ன செய்யணும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியும். "தெரியாது தம்பி" என்றேன். அவர் பேனையை வைத்துவிட்டு, "யோசிச்சிச் சொல்லுங்க ஐயா, அவசரமில்ல" என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

அதே வருடம்தான் நீ நம் முதலாளியின் பொத்துவில் வீதி வேலையில் சேர்ந்தாய். ஒருநாள் வடிகான் வெட்டும் இடத்தில், இந்த மண் நிற்காது, கரை சரியாமல் படி படியாக வெட்டித்தான் இறங்குவேன் என்று மெசினை நிறுத்தினாய். சுப்பவைசர் எனக்குப் போன் எடுத்து, உங்கட மகன் வேலைக்குப் பயப்படுகிறார் என்றார். நான் வெட்கப்பட்டு உன்னை ஏசினேன். "நாலு எழுத்துப் படிச்ச உடன மண்ணுக்குப் பயமா? வேலைக்காரன் மாதிரி நட" என்றேன். அப்படியும் நீ படி வெட்டித்தான் இறங்கினாய். அன்று நான் ஏசியது உன்னை இல்லை மகன். ஆறு மாதம் படித்த நீ சுலபமாகச் செய்ததை இருபது வருட ஓப்பரேட்டர் நான் என் மச்சானுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லையே என்கிற எரிச்சல், அது உன் தலையில் விழுந்தது. இதற்காக என்னை மன்னித்துக்கொள்.

உன் அட்டவணையில் நாடு, மட்டம், காலம், எத்தனை வருடம் செல்லும் என்று நாலு பத்தி இருக்கிறது. இந்தப் பதினொரு நாளும் அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று விளங்கியது. ஐந்தாவதாக ஒரு பத்தி வேண்டும்: வருகிறவர் எதை மறக்க வேண்டும் என்பது. ஜேர்மனியில் மூன்று வருடம் எடுப்பது லீவர் பழக இல்லை, பழைய கை கால் செய்வதை மறக்கடிக்க. இங்கிலாந்தில் சிவப்பு அட்டையை நீலமாக்க ஆளை வேலைத்தலத்தில் வைத்துப் பார்ப்பதும், கட்டாரில் உன் கடதாசியை ஒதுக்கிவிட்டு மறுபடி சோதிப்பதும் அதற்குத்தான். அந்த மலையாளி இதைத்தான் எனக்குச் சொன்னார், நான் அவரோடு கோபித்துக்கொண்டேன். மாமாவின் ஐந்து வருடம் பொய்யே இல்லை. வட்டையில் அது சோறு போட்டது, உயிரையும் காத்தது. நான் அதை எடுத்து வேறு மெசினில் எழுதினேன், அங்கே அது காலை எடுத்தது. நீ கட்டாருக்கு ஐந்து வருடக்காரனாகப் போனால் உனக்கு யாரும் ஒன்றும் சொல்லித் தர மாட்டார்கள். கேட்க உனக்கும் வாய் வராது. ஐந்து வருடக்காரர் எப்படிக் கேட்பது? படி வெட்டித்தான் இறங்குவேன் என்று சொல்ல உனக்கு இருந்த தைரியம், நீ இரண்டு வருடக்காரன் என்பதை நீ ஒளிக்காததால் வந்தது. அதை உன்னிடமிருந்து பறிக்க என்னால் ஏலாது.

இதை உனக்கு எழுதுவதற்கு முன் உம்மாவுக்குச் சொன்னேன். தன் தம்பியின் கால் என் கையெழுத்தால் போனது என்று இத்தனை வருடம் தெரியாமல் அவ எனக்குச் சோறு போட்டிருக்கிறா. இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் மீனாணச் சட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு, "புள்ளைக்கும் சொல்லுங்க. என்னிட்ட மறைச்ச மாதிரி அவனிட்ட மறைக்காதீங்க" என்றா. பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டா. அதன்பிறகு கல்முனை பஸ் நிலையத்தடியில் மாமாவின் போன் கடைக்குப் போனேன். எழுதப்போகிறேன், நீங்கள் சம்மதித்தால்தான் என்றேன். பொய்க்காலை நீட்டிப் போட்டுக்கொண்டு யாருடைய போனையோ கழற்றிக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தவில்லை. "எழுதுங்க மச்சான். ஆனா கேட்டது நான் என்டும் எழுதுங்க. நீங்க மட்டும் பெரிய மனுசனாகப் பார்க்காதீங்க" என்றார். எழுதிவிட்டேன். அந்தப் போனைப் பூட்டி மூடிவிட்டு, "மருமகன் போகட்டும் மச்சான், ஆனா குதிக்கிற ஆளாப் போகவேணாம்" என்றார்.

ஆகவே, மகன், நீ கேட்ட சேர்விஸ் லெட்டரை எழுதியிருக்கிறேன். இரண்டு வருடம் என்றுதான் இருக்கிறது. ஆனால் ஒரு வரியில் முடிக்கவில்லை, ஒன்றரைப் பக்கம் போயிருக்கிறது. எந்த எந்த மெசின், களிமண்ணில் எவ்வளவு காலம், மணலில் எவ்வளவு காலம், எல்லாம் இருக்கிறது. பொத்துவில் வீதியில் சுப்பவைசர் ஏசியும் படி வெட்டி இறங்கினார் என்பதையும் எழுதியிருக்கிறேன். கம்பனி அதைப் பார்த்துக் கீழ்த் தரத்தில் எடுத்தால் போ, போய்ப் பழகு, ஒரு வருடம் கழித்து ஏறு. எடுக்காவிட்டால் வீட்டுக்கு வா. நான்காம் மட்டச் சோதனைக்கு நான் மறுபடி விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். அந்தக் காரைதீவுத் தம்பிதான் வருவாராம், அவருக்கு நான் ஒரு பதில் பாக்கி வைத்திருக்கிறேன். விரும்பினால் உனக்கும் ஒரு விண்ணப்பம் எடுத்து வைக்கிறேன். அவளுடைய காக்கா நீ பிந்திப் போனால் பரவாயில்லையா என்று தங்கச்சியிடமும் கேட்டேன். "காக்காட கால் ரெண்டும் இரிக்கட்டும் வாப்பா, வீடு பிந்தினாப் பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு, ஆமணக்கை வெட்டக் கத்தி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கடிதம் மடியாமல் வர வேண்டும் என்று தேடியபோது அந்த எக்ஸ்ரே உறையைத் தவிர வீட்டில் பெரிய உறை இல்லை. கடதாசிகளை வேறு பைக்கு மாற்றிவிட்டு இரண்டு கடிதத்தையும் அதற்குள் வைத்துக் கொழும்பு பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன், நீ புறக்கோட்டையில் எடுத்துக்கொள். மேலே மாமாவின் பெயரும் வயதும், "வலது கால்" என்று டொக்டரின் கையெழுத்தும் இருக்கிறது. ஏஜென்ட் பார்த்தால் என்ன நினைப்பார் என்று உம்மா அதன் மேல் வெள்ளைத் தாள் ஒட்டப் போனா. மாமா விடவில்லை. "கிடக்கட்டும் ராத்தா, அவரும் வாசிக்கட்டும். என்ட அஞ்சு வருஷம் வெளியில இரிக்கி" என்றார்.

உள்ளே இருப்பது இரண்டு வருடம். அது முழுக்க உன்னுடையது, மகன்.

உன் வாப்பா